அருவியும் அணைக்கட்டும்: குற்றாலம், பாபநாசம் செல்லும் அங்கத்தினர்களுக்குச் சில விளக்கங்கள்

வைகாசி கழிந்து ஆனி பிறக்கும் நாட்களில் நம் சங்க அங்கத்தினர் பலருக்குக் கை சற்றே ஓய்கிறது. சாரல் விழத் தொடங்கிவிட்டால் தெருவில் விரித்த பாவு கஞ்சி உலராமல் கிடக்கும். குழித்தறியில் ஈரம் ஊறும். நூல் கனத்து நாடா தடுமாறும். உழவர்களோ கார்ப் பருவத்துக்கு நாற்றங்கால் அமைத்துவிட்டு வாய்க்காலில் நீர் வரும் நாளை எதிர்நோக்கி இருப்பர். இவ்விடைவேளையில்தான் குடும்பத்தோடு குற்றாலத்துக்கும் பாபநாசத்துக்கும் போய் வரலாமா, எப்போது போவது, எதை முதலில் பார்ப்பது என்னும் வினாக்கள் நம்மிடம் வந்து சேர்கின்றன. அவற்றுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆயினும் அருவியை வெறும் வேடிக்கைப் பொருளாக மட்டும் விவரிக்க நமக்கு மனமில்லை. அங்கே நம் தலையில் விழும் நீர்தான் சில நாழிகைக்குள் நம் வயலுக்கும் குளத்துக்கும் வருவது. ஒரு காலத்தில் நம் நூலைச் சுற்றிய கதிரையும் அந்த நீரே சுழற்றியது. ஆகவே உறவினர் வீட்டுக்குச் செல்பவர் அவ்வீட்டாரின் நலம் அறிந்து செல்வது போல, அருவியின் வரலாற்றையும் இயல்பையும் ஓரளவு அறிந்து செல்வது நன்று.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். இக்காலத்தில் ‘நீர்வீழ்ச்சி’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது பிற மொழிச் சொல்லைப் பார்த்து ஆக்கிக்கொண்ட தொடர். நம் மூதாதையர் வழங்கிய சொல் ‘அருவி’ என்பது. தென்காசிப் பக்கத்துச் சிறுவனைக் கேட்டால் பேரருவி, ஐந்தருவி, சிற்றருவி, புலியருவி, தேனருவி என்றுதான் சொல்வான். நாமும் அவ்வாறே எழுதுகிறோம்.

தமிழகத்தின் பெரும்பகுதி ஆனி, ஆடி மாதங்களில் வறண்டு கிடக்கிறது. கோவில்பட்டிக் கரிசலில் புழுதி பறக்கிறது. அங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள குற்றாலத்தில் மட்டும் வானம் இருண்டு பூந்தூறல் தூவுவானேன்? இதற்கு விடை மேற்குத் தொடர்ச்சி மலையின் அமைப்பில் இருக்கிறது. அரபிக் கடலிலிருந்து ஈரம் சுமந்து வரும் தென்மேற்குக் காற்று மலையின் மேற்குச் சரிவில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, தன் சுமையைப் பெரும்பாலும் கேரளத்திலேயே இறக்கிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்றில் ஈரம் குறைவு. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுப் பக்கத்தில் மலைத்தொடர் தாழ்ந்து ஒரு கணவாய் உண்டாகியிருக்கிறது. அவ்வாயில் வழியே காற்று ஈரத்தோடு உட்புகுந்து செங்கோட்டை, குற்றாலம், தென்காசி ஆகிய ஊர்களைத் தடவிச் செல்கிறது. குற்றாலத்துச் சாரல் என்பது இதுவே. பெருமழையாகக் கொட்டாது, சட்டை நனைந்ததே தெரியாமல் நனைக்கும். அருவியை நிறைப்பது இந்தத் தூறல் அன்று. மலையுச்சிக் காடுகளில் பெய்யும் கனத்த மழையைப் பசுமை மாறாச் சோலைகளின் வேரும் மக்கிய சருகும் பஞ்சு போல் உறிஞ்சி வைத்துச் சிறிது சிறிதாக விடுகின்றன. மழை நின்ற பின்னும் பல நாட்கள் அருவி விழுவது அதனால்தான். காடு மெலிந்தால் அருவி இரண்டு வகையில் கெடும்: மழை நாளில் வெறிகொண்டு பாயும், மறு வாரமே வறண்டு போகும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையாலும் அருவிகளில் நீர் பெருகும். ஆயினும் அது நீராடும் பருவம் அன்று, வெள்ளப் பருவம். குடும்பத்தோடு செல்வோர் ஆனி பிற்பகுதி முதல் ஆவணி முற்பகுதி வரை உள்ள காலத்தைத் தேர்ந்துகொள்வதே முறை. அதிலும் சனி, ஞாயிறு நாட்களை விலக்கினால் பாதித் தொல்லை தீரும்.

குற்றாலத்தில் இறங்கியவுடன் கண்ணில் படுவது பேரருவி. சிற்றாறு மலையிலிருந்து இறங்கி ஊரின் நடுவிலேயே விழுகிறது. கோயிலும் கடைத்தெருவும் அதன் மடியில் இருக்கின்றன. மேலிருந்து வரும் நீர் ஒரே பாய்ச்சலில் தரையில் விழுவதில்லை. இடைவழியில் பாறையில் குடைந்த ஓர் ஆழ்ந்த பள்ளத்தில் வீழ்ந்து, அங்கே கொந்தளித்துப் பொங்கி வழிந்த பிறகே கீழிறங்குகிறது. அப்பள்ளத்துக்குப் ‘பொங்குமாகடல்’ என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் கவிஞராகவே இருக்க வேண்டும். நீரின் வேகத்தை அது வாங்கிக்கொள்வதனாலேயே மனிதர் அதன் அடியில் நின்று நீராட முடிகிறது. அது இல்லையேல் பேரருவி பார்ப்பதற்கு மட்டும் உரிய அருவியாய்ப் போயிருக்கும்.

பேரருவிக்குச் சற்று மேலே சிற்றருவி. ஊரிலிருந்து ஏறக்குறைய 5 கிலோ மீட்டர் தொலைவில் ஐந்தருவி. ஒரே ஓடை பாறை முகட்டில் ஐந்து கிளைகளாகப் பிரிந்து விழுவது காணத் தெவிட்டாதது. நீர் குறைந்த நாளில் ஐந்தும் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும். அப்போது சென்று ஏமாந்தோர் பலர். பழைய குற்றாலத்து அருவி ஊருக்கு வெளியே தனித்து இருக்கிறது. புலியருவி சிறியது, குழந்தைகளுக்கும் முதியோருக்கும் ஏற்றது. பழத்தோட்ட அருவி தோட்டக்கலைத் துறையின் தோட்டத்துக்குள் இருக்கிறது. செண்பகாதேவி அருவியும் அதற்கும் மேலே உள்ள தேனருவியும் காட்டுக்குள் இருப்பவை. வனத்துறையின் இசைவின்றி அங்கே செல்லலாகாது. ‘எல்லோரும்தான் போகிறார்கள்’ என்று வழிகாட்ட முன்வருவோர் ஊரில் உண்டு. அவர் பேச்சைக் கேட்டுக் குழந்தைகளுடன் மலையேறுவது பெரும் பிழை.

குற்றாலநாதர் கோயிலைக் காணாமல் திரும்புவோர் பலர். சங்கு வடிவில் அமைந்தது என்று போற்றப்படும் கோயில் அது. அருகிலேயே தனித்து நிற்கும் சித்திர சபையைக் கட்டாயம் காண வேண்டும். நடராசப் பெருமானுக்குரிய ஐந்து சபைகளுள் ஒன்று, சுவரெங்கும் ஓவியங்கள். திருநெல்வேலி வழியாகச் செல்வோர் நெல்லையப்பர் கோயிலில் தாமிர சபையையும் கண்டுவிட்டால் ஒரே பயணத்தில் இரு சபைகளைக் கண்டவர் ஆவர். ஆடையின் கரையிலும் முந்தானையிலும் கோலம் அமைக்கும் நம் நெசவாளர்கள் சித்திர சபையில் அரை மணி நேரம் நின்று கொடியும் பூவும் ஓடும் விதத்தைப் பார்த்தால் அது வீண் பொழுது ஆகாது என்பது நம் கருத்து.

தமிழுக்கும் இவ்வூருக்கும் உள்ள உறவு பழையது. திரிகூடராசப்பக் கவிராயர் இவ்வூரைப் பாட்டுடைத் தலமாக வைத்தே குற்றாலக் குறவஞ்சியை இயற்றினார். 1954-ல் மறைந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் தம் பிற்காலத்தை இங்கே கழித்துக் கம்பன் சுவையை வந்தோர்க்கெல்லாம் வாரி வழங்கினார். மூதறிஞர் இராஜாஜியும் அவ்விருந்தை நாடி வந்தவருள் ஒருவர்.

பயிர்த்தொழில் செய்வோர் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. 1800-ஆம் ஆண்டை ஒட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனியார் கிராம்பு, சாதிக்காய் முதலிய வாசனைப் பயிர்களைக் கடல் கடந்த தீவுகளிலிருந்து கொணர்ந்து இம்மலைச் சாரலில் பயிரிட்டுப் பார்த்தனர். ஈரமும் நிழலும் வாய்த்த இடமாதலால் அவை வேர்கொண்டன. மங்குஸ்தான், ரம்புத்தான், துரியன் ஆகிய பழங்கள் இன்றும் சாரல் காலத்தில் குற்றாலக் கடைகளில் குவிகின்றன. வெளியூர்ப் பழமும் உள்ளூர்ப் பழம் என்ற பெயரில் விற்கப்படுவதால் விலை கேட்டு, ஒன்றை உரித்துப் பார்த்து வாங்குவது நலம். கையில் பழப்பையை ஆட்டிக்கொண்டு நடந்தால் குரங்குகள் விலை கேளாமலே எடுத்துச் சென்றுவிடும்.

இனி, அழகை விட முக்கியமான ஒன்றைக் கூற வேண்டும். 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் பழைய குற்றாலத்து அருவியில் மக்கள் நீராடிக்கொண்டிருந்தபோது திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். கோடை முடியாத காலம்; சாரல் பருவம்கூடத் தொடங்கவில்லை. இது எவ்வாறு நேர்கிறது என்பதை ஒவ்வொரு குடும்பத் தலைவரும் தலைவியும் புரிந்துகொள்ள வேண்டும்.

சமவெளி ஆற்றில் வெள்ளம் வருவது நமக்குத் தெரியும். மேட்டில் மழை பெய்த செய்தி முதலில் வரும். நீர் மெல்ல ஏறும். கரையை விட்டு விலக நேரம் கிடைக்கும். மலையருவி அப்படிப்பட்டதன்று. அதன் நீர்ப்பிடிப்புப் பரப்பு சிறியது, ஆனால் மிகச் செங்குத்தானது. பாறை மேல் மண்ணும் ஆழமில்லை. உச்சியில் ஒரு பெருமழை கொட்டினால் அந்நீர் முழுவதும் ஓடைகளில் உருண்டு சில நிமிடங்களில் அருவி முகட்டை அடைகிறது. கீழே நிற்பவர் தலைக்கு மேல் வெயிலே அடித்துக்கொண்டிருக்கலாம். மழை பெய்யும் இடம் அவர் கண்ணுக்குத் தெரியாது. அருவியின் இரைச்சலில் இடியும் கேளாது.

ஆயினும் அருவி எச்சரிக்காமல் வருவதில்லை. தெளிந்த நீர் சற்றே கலங்கிச் செம்மை காட்டும். சருகும் சுள்ளியும் சிறு கல்லும் நீரோடு வந்து விழும். ஓசை மாறும், சலசலப்பாக இருந்தது கனத்த முழக்கமாகும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் ‘இன்னும் ஒரு முழுக்கு’ என்னாமல் உடனே வெளியேறுக. கரையில் கழற்றி வைத்த துணியையும் செருப்பையும் தேடிக்கொண்டு நிற்பதே பலருக்கு ஆபத்தாய் முடிகிறது. பேரருவியின் முன் கட்டப்பட்டுள்ள வளைவை உள்ளூரார் ‘ஆர்ச்’ என்பர். நீர் அந்த ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் நீராடத் தடை என்பது நெடுநாளைய அளவுகோல். காவலர் ஊதல் ஊதி வெளியேற்றும்போது அவரிடம் வாதாடுவோரைக் காண்கிறோம். ‘நூறு மைல் பயணம் செய்து வந்தோம், ஐந்து நிமிடம் கொடுங்கள்’ என்று கேட்கின்றனர். அவர் கொடுக்க மறுப்பது அந்த ஐந்து நிமிடத்தின் மதிப்பை அறிந்ததனால்தான்.

குற்றாலத்திலிருந்து நீர் எங்கே செல்கிறது என்று பார்ப்போம். பேரருவியில் விழுந்த சிற்றாறு தென்காசியைக் கடந்து கிழக்கே ஓடுகிறது. ஐந்தருவியாறு, அரிகர நதி, குண்டாறு, அனுமன் நதி, கருப்பா நதி, அழுதகண்ணியாறு முதலியவை வழியில் வந்து கலக்கின்றன. தலையணை முதலாக 17 அணைக்கட்டுகள் அதன் குறுக்கே அமைந்து, இரு புறமும் கால்வாய்கள் பிரித்து, நூற்றுக்கணக்கான குளங்களுக்கு நீர் ஊட்டுகின்றன. மானூர்ப் பெரிய குளமும் இதன் நீரை எதிர்பார்ப்பதே. எஞ்சிய நீர் சீவலப்பேரிக்கு அருகே தாமிரபரணியில் சேர்கிறது. ஆக, அருவியில் ஒருவர் தேய்த்துக் குளித்த சவர்க்காரத்தின் நுரை அன்று மாலைக்குள் ஏதோ ஒரு மடையில் நிற்கிறது. சவர்க்காரத்திலும் சலவைத் தூளிலும் உள்ள சில உப்புகள் நீர்க்களைகளுக்கு எரு ஆகின்றன. குளத்தில் ஆகாயத்தாமரை மண்டி மடையை அடைக்கும்போது அதை அரிந்து கரையேற்றும் கூலி யார் தலையில் விழுகிறது என்பதை உழவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. அருவிகளில் எண்ணெய், சீயக்காய், சவர்க்காரம் பயன்படுத்தக் கூடாது என்று இப்போது தடை இருக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பதே குற்றாலத்தின் பழைய இன்பம் என்பாருக்கு நம் விடை: அருவி நீர் விழும் வேகமே உடம்பைப் பிடித்துவிடும் கை. அதற்கு எண்ணெய் வேண்டியதில்லை.

குற்றாலத்திலிருந்து கடையம், ஆழ்வார்குறிச்சி வழியாகத் தெற்கே சென்றால் சுமார் 40 கிலோ மீட்டருக்குள் பாபநாசம் வந்துவிடும். அம்பாசமுத்திரத்தில் இரயிலை விட்டு இறங்கிப் பேருந்தில் செல்வோரும் உண்டு. கூட்டம் குற்றாலத்துக்கே செல்வதால் இங்கே அமைதி மிகுதி. நம்மைக் கேட்டால், ஒரே நாள்தான் உண்டு என்பவர்க்குக் குற்றாலத்தை விடப் பாபநாசத்தையே பரிந்துரைப்போம். பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணி இரு பருவ மழைகளாலும் வளம் பெறுவதால், குற்றால அருவிகள் வற்றும் மாதங்களிலும் அகத்தியர் அருவியில் பெரும்பாலும் நீர் இருக்கும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் சோதனைச் சாவடியைக் கடந்தே அருவிக்குச் செல்ல வேண்டும். அங்கே வண்டிகளைச் சோதித்து நெகிழிப் பைகளையும் மதுவையும் தடுக்கின்றனர். மாலையில் குறித்த நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும்.

நம் நெசவாளர் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இங்கேதான் இருக்கிறது. 1880-களில் ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி என்னும் சகோதரர்கள் பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு நூற்பாலை நிறுவினர். நிலக்கரி கிடைக்காத மலையடிவாரத்தில் ஆலை வைக்கக் காரணம் தாமிரபரணியின் வீழ்ச்சியே. கரிசல் நிலத்துப் பருத்தி வண்டி வண்டியாக வந்தது. ஆற்று நீர் உருளைகளைச் சுழற்றியது. நூல் கட்டுக் கட்டாக வெளியேறியது. தென்பாண்டிச் சீமையில் இராட்டை ஓய்ந்ததற்கும் தறிக்கு ஆலை நூல் தட்டின்றிக் கிடைத்ததற்கும் இவ்வருவி ஒரு காரணம் எனலாம். நன்மை, தீமை இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம். இதே ஹார்வி சகோதரர்களின் தூத்துக்குடி ஆலையில்தான் 1908-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ய, வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்களுக்குத் துணை நின்றார்.

வீழும் நீர் எந்திரத்தைச் சுழற்றும் விதம் எளிது. உயரத்தில் உள்ள எப்பொருளுக்கும் கீழே வருவதற்குள் ஒரு வேலை செய்யும் ஆற்றல் உண்டு. 1,000 லிட்டர் நீர் 100 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் அதனிடம் உள்ள ஆற்றல் ஏறக்குறைய கால் யூனிட் மின்சாரத்துக்குச் சமம். சிறிது என்று தோன்றலாம். ஆனால் வினாடிதோறும் பல ஆயிரம் லிட்டர் இறங்கிக்கொண்டே இருந்தால் கணக்கு வேறாகிறது. 1938-ல் தொடங்கிய பாபநாசம் நீர்மின் திட்டத்தில் மலைமேல் அணை கட்டி நீரைத் தேக்கி, குழாய் வழியாக இறக்கி, 1944-ல் மின்சாரம் எடுக்கத் தொடங்கினர். இன்றும் அந்நிலையம் இயங்குகிறது. உழவர் நினைவில் கொள்ள வேண்டியது: மின்நிலையம் நீரின் வீழ்ச்சியை எடுத்துக்கொள்கிறதே அன்றி நீரை எடுத்துக்கொள்வதில்லை. சுழற்சி முடிந்த நீர் முழுவதும் ஆற்றுக்கே திரும்புகிறது. நாம் கேட்க வேண்டிய கேள்வி, நீர் எவ்வளவு திறக்கப்படுகிறது என்பதோடு, எந்த நாளில் திறக்கப்படுகிறது என்பதும் ஆகும். கார்ப் பயிருக்கு ஜூன் மாதத் தொடக்கத்தில் அணை திறப்பது வழக்கம். அது பத்து நாள் தள்ளினால் பிசானமும் பின்தள்ளி, அறுவடை மழையில் மாட்டிக்கொள்ளும்.

அவ்வாறு திறந்த நீரைப் பங்கிடும் அணைக்கட்டுகள் எட்டு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என்பன அவை. முதல் ஏழும் ஆங்கிலேயர் வருமுன் கட்டப்பட்டவை. கடைசியாகிய திருவைகுண்டம் மட்டும் 1873-ல் முடிக்கப்பட்டது. ஏறக்குறைய 86,000 ஏக்கர் நிலம் இவற்றால் விளைகிறது. பயணத்தில் நேரம் இருந்தால் இவற்றுள் ஒன்றிலேனும் இறங்கிப் பார்க்க வேண்டும். ஆற்றைக் குறுக்கே மறித்தும் மறிக்காமலும், வேண்டிய அளவைக் கால்வாய்க்குத் திருப்பி மிகுதியை வழிய விடும் அந்தக் கற்கட்டு, அருவிக்குச் சற்றும் குறையாத காட்சி. அம்பாசமுத்திரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் பக்கத்தில் ‘அம்பை 16’ என்று வழங்கும் குண்டு நெல் அங்கிருந்து வந்ததே. சேரன்மாதேவியை அடுத்த பத்தமடையில் தாமிரபரணிக் கரைக் கோரையை ஓடும் நீரில் ஊறவைத்து, மயிரிழை போல் கிழித்து, பருத்தி நூல் பாவில் பாய் நெய்கின்றனர். மடித்துக் கையில் அடக்கக்கூடிய பட்டுப்பாய் என்று அதற்குப் பெயர். கோரையை ஊடையாகக் கொண்ட அத்தறியை நம் நெசவாளர்கள் ஒருமுறை பார்த்தாலன்றி நம்பமாட்டார்கள்.

பாபநாசத்தில் நம் உள்ளத்தை வருத்துவது ஒன்று உண்டு. பாவம் தீரும் என்று இங்கே நீராடுவோரும் நீத்தார் கடன் செய்வோரும் உடுத்த துணியை ஆற்றிலேயே விட்டுச் செல்கின்றனர். ஆண்டுதோறும் தொண்டர்கள் இறங்கி டன் கணக்கில் துணியை வாரிக் கரையேற்றுகின்றனர். மறு ஆண்டும் அதே நிலை. முற்காலத்தில் விட்ட துணி பருத்தித் துணி. அது சில மாதத்தில் மக்கி மண்ணாகிவிடும். இக்காலத்துச் செயற்கை இழைத் துணி மக்குவதே இல்லை. பாறை இடுக்கில் சுருண்டு கிடந்து, நீராடுவோர் காலைச் சுற்றி ஆழத்துக்கு இழுக்கிறது. மதகில் சிக்கிக் கால்வாயை அடைக்கிறது. சமயக் கடனைப் பற்றி நாம் தீர்ப்புக் கூற வரவில்லை. ஆனால் துணியின் அருமையைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு. 2 கெஜ நீளமுள்ள ஒரு நாலு முழ வேட்டிக்கு அங்குலத்துக்கு 60 ஊடை இழை என்று வைத்துக்கொண்டால் 4,320 தடவை நாடா ஓட வேண்டும். அத்தனை தடவை ஓடிய கையை உடைய நாம், அந்த வேட்டியை ஆற்றில் எறியும் கையைத் தடுத்து, ‘கரையிலேயே வையுங்கள் ஐயா, எடுத்துச் செல்வாரிடம் கொடுத்துவிடுவோம்’ என்று பணிவாகச் சொல்லலாம். சொல்லிப் பார்த்தோருக்குப் பெரும்பாலும் மறுப்பு வருவதில்லை. நம்மவர் எவரும் அவ்வாறு எறியாதிருப்பது அதற்கு முதற்படி.

பாபநாசத்துக்கு மேலே காரையாறு அணையின் மறுபுறத்தில் பாணதீர்த்தம் இருக்கிறது. அதன் கம்பீரத்துக்கு ஈடு சொல்ல முடியாது. ஆனால் அதற்குச் செல்லும் வழியும் அனுமதியும் அடிக்கடி மாறுபவை. புறப்படுமுன் வனத்துறையிடம் கேட்டறிந்தே செல்ல வேண்டும். மணிமுத்தாறு அருவி எளிதில் எட்டக்கூடியது. அதன் கீழ் உள்ள மடு ஆழமானது. நீந்தத் தெரிந்தோரும் குறித்த எல்லையைத் தாண்டலாகாது. ஆடி அமாவாசையை ஒட்டிச் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்கு ஆயிரக்கணக்கானோர் கூடுவர். வழிபடச் செல்வோர் தவிர ஏனையோர் அந்நாட்களை விலக்குவது நலம்.

சங்கத்தின் சார்பில் கூட்டாகச் செல்ல விரும்புவோர்க்குச் சில நடைமுறைக் குறிப்புகள். இரண்டு நாட்கள் இருந்தால் முதல் நாள் காலையில் பாபநாசம், மாலைக்குள் தென்காசி சேர்ந்து தங்கல், மறுநாள் விடியலில் குற்றாலம் என்று வைத்துக்கொள்க. விடியற்காலை நான்கைந்து மணிக்குப் பேரருவியில் கூட்டம் குறைவு. குளிர் நீர் என்று அஞ்ச வேண்டாம். முதல் நிமிடம்தான் நடுக்கம். பத்துப் பேருக்கு ஒருவரைப் பொறுப்பாளராக வைத்து, நீரில் இறங்குமுன்னும் ஏறிய பின்னும் தலை எண்ண வேண்டும். குழந்தையின் கையைத் தாயோ தந்தையோ பிடித்திருக்க வேண்டும். பிறர் பார்த்துக்கொள்வார் என்று விடலாகாது. நெஞ்சு நோய், இரத்த அழுத்தம் உள்ளோர் நேர் அருவியின் கீழ் நில்லாமல் ஓரத்தில் வழியும் நீரில் குளித்தால் போதும். நகைகளை வீட்டிலேயே விட்டுச் செல்வதே பாதுகாப்பு. அருவியின் அடியில் கழன்ற மோதிரத்தைத் தேடியவர் கண்டதில்லை.

துவட்டிக்கொள்ள ஈரிழைத் துண்டு கொண்டு செல்க. கடையில் விற்கும் பூந்துவாலை சாரலில் இரண்டு நாள் ஆனாலும் உலராது. ஈரிழைத் துண்டை முறுக்கிப் பிழிந்து வண்டியின் சன்னலில் கட்டினால் அடுத்த ஊர் வருமுன் உலர்ந்துவிடும். தலைக்கு இரண்டு துண்டு வீதம் எடுத்துக்கொண்டால் போதும். பொட்டலச் சோற்றுக்கு வாழையிலை, குடிநீருக்குச் சொந்தச் செம்பு அல்லது எவர்சில்வர்ப் பாத்திரம் இருக்கட்டும். பாபநாசச் சாவடியில் நெகிழிப் புட்டிகளைப் பறிகொடுத்துவிட்டு வழியெல்லாம் தாகத்தோடு வரும் சங்கடம் அப்போது நேராது. புறப்படும் நாளுக்கு முதல் நாள் மாலையில் அருவிகளில் நீராட அனுமதி உள்ளதா என்பதைச் செய்தியில் பார்த்தோ தென்காசியில் தெரிந்தவரைக் கேட்டோ உறுதி செய்துகொள்ள வேண்டும். தடை என்று தெரிந்தால் வண்டிக்காரருக்குச் சொல்லி நாளை மாற்றிக்கொள்ளலாம். அடுத்த வாரமும் சாரல் உண்டு.